குரூஸின் வேர்ல்டு: ஸ்டியரிங் வைத்த பயாஸ்கோப்

தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு தம்பி நாலு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். மதுரையில் மூடிப்போன ஒரு கேம் ஹாலில் 'குரூஸின் வேர்ல்டு' கார் பந்தயப் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறதாம். அவருடைய மாமா அதை வாங்கி ராமேஸ்வரத்தில் தன் கடை வாசலில் வைக்க நினைக்கிறாராம். வாங்கலாமா என்பது முதல் கேள்வி. பழைய விமர்சனங்களைத் தேடிப் படித்தால் பாதிப்பேர் இந்த விளையாட்டைத் திட்டியிருக்கிறார்கள், ஆனால் தனக்கு ஆடிய பத்தாவது நிமிடமே பிடித்துவிட்டது, அது ஏன் என்பது இரண்டாவது. பந்தயம் முழுக்க முன்னால் ஓடிவிட்டு எப்போதும் கடைசியில் கோட்டை விடுகிறேன், என்ன தப்பு என்பது மூன்றாவது. 'அண்ணே, நம்ம பாம்பன் பாலத்தை இதே மாதிரி ஒரு டிராக்காகப் போட்டால் எப்படி இருக்கும்?' என்பது நாலாவது. எனக்குப் பிடித்தது அந்த நாலாவதுதான். அதற்கு ஆசைப்பட்டே மற்ற மூன்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் கீழக்கரை. எங்கள் ஊரில் வீட்டுக்கொரு சபுராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவர், உண்டு. நானும் 1997-இல் விமானம் ஏறி, துபாயில் ஒரு கேம் ஹாலில் பதினொரு வருஷம் ரிப்பேர் வேலை பார்த்தவன். அந்த ஹாலில் இந்த விளையாட்டின் பெட்டிகள் நாலு வரிசையாக இருந்தன. நாலையும் ஒயர் போட்டு இணைத்திருந்ததால் நாலு பேர் ஒரே பந்தயத்தில் மோதலாம். லீவு நாள் சாயங்காலம் அந்த நாலு சீட்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் நான் டோக்கன் பெட்டியைத் திறக்கப் போகணும். ஆடியதைவிட, திருப்புளியோடு அதன் வயிற்றுக்குள் தலையை விட்டதுதான் அதிகம்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் மிட்வே கம்பெனி 1996-இல் கேம் ஹால்களுக்கு விட்ட பந்தயம் இது. இதற்கு முன்னால் 1994-இல் 'குரூஸின் யுஎஸ்ஏ' வந்திருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பி அமெரிக்காவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வாஷிங்டனில் போய் முடிகிற பயணம் அது. முழுப் பயணத்தையும் முடித்தால் அன்றைய அதிபர் கிளிண்டன் வெள்ளை மாளிகையில் வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் படம் வரும். இந்த ஒரு குறும்பிலேயே செய்தவரின் மனசு தெரிந்துவிடும். அவர் பெயர் யூஜின் ஜார்விஸ். 1981-இல் 'டிஃபெண்டர்', 1982-இல் 'ரோபோட்ரான்' என்று, ஆடுகிறவனை ஒரு நிமிடத்தில் வேர்த்து விறுவிறுக்க வைக்கும் சுடும் விளையாட்டுகளைச் செய்த ஆள். கார் பந்தயம் என்று வந்ததும் அந்தக் கடுமையை எல்லாம் கழற்றி மாட்டிவிட்டு, ஜாலியாக ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்.

வேர்ல்டில் மொத்தம் 14 இடங்கள். ஹவாய், ஜப்பான், ஆஸ்திரேலியா, சீனா, கென்யா, எகிப்து, ரஷ்யா, ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து, மெக்சிகோ, அப்புறம் நியூயார்க், ஃபுளோரிடா. இந்தியா கிடையாது. துபாய் ஹாலில் நம் பையன்கள் ஒவ்வொருத்தனும் இடம் தேர்ந்தெடுக்கும் திரையில் ஒரு தடவையாவது இந்தியாவைத் தேடியிருப்பான். 1999-இல் வந்த அடுத்த பாகமான 'எக்சாட்டிகா'வில்தான் நமக்கு இடம் கிடைத்தது, அதுவும் செவ்வாய்க் கிரகத்தோடும் கடலில் மூழ்கின அட்லாண்டிசோடும் ஒரே பந்தியில்.

இப்போது ஏன் பிடிக்கிறது என்கிற கேள்வி. நான் சின்னப்பையனாக இருந்தபோது ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு ஒரு பயாஸ்கோப் பெட்டிக்காரர் வருவார். தகரப் பெட்டி, அதில் நாலு வட்ட ஓட்டை, ஓட்டைக்கு ஒரு கண்ணாடி வில்லை. காசைக் கொடுத்துவிட்டு முகத்தை வைத்தால் உள்ளே தாஜ்மகால் வரும், மைசூர் அரண்மனை வரும், யாரோ ஒரு நடிகை வருவார். ஒரு படம் நன்றாகப் பார்ப்பதற்குள் கைப்பிடியைச் சுற்றி அடுத்ததை இழுத்துவிடுவார். ஆட்டம் முடிந்ததும் 'இன்னொரு தடவை' என்று கை தானாகப் பைக்குள் போகும். குரூஸின் வேர்ல்டு அந்தப் பெட்டிதான். கைப்பிடிக்குப் பதில் ஸ்டியரிங், பெட்டிக்காரருக்குப் பதில் ஆக்சிலேட்டர்.

சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. அதே காலத்தில் பக்கத்திலேயே சேகா கம்பெனியின் 'டேடோனா யுஎஸ்ஏ' நின்றது. அதில் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றணும். முதல் சுற்றில் சொதப்பிய வளைவை அடுத்த சுற்றில் சரியாக எடுப்பீர்கள், அதற்கடுத்ததில் இன்னும் நன்றாக. அது கைப்பழக்கம். குரூஸினில் சுற்று கிடையாது. கிளம்பின இடம் வேறு, முடிகிற இடம் வேறு. போன படம் போனதுதான். எகிப்து என்றால் பிரமிடு, பிரான்சு என்றால் ஈஃபில் கோபுரம், இரண்டு மணித்துளி ஓட்டத்துக்குள் அந்த நாட்டைப் பற்றி வெளியூர்க்காரனுக்குத் தெரிந்த எல்லாம் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். எகிப்தில் இருந்து வேலைக்கு வந்த ஒரு நண்பர் எங்கள் ஹாலில் இருந்தார். அந்த டிராக்கைப் பார்த்துவிட்டு 'எங்கள் ஊரில் டிராஃபிக்கே இல்லையா?' என்று சிரித்தார். ஊரைத் தெரிந்தவனுக்குப் பொய், தெரியாதவனுக்கு உல்லாசம். விமர்சகர்கள் இதை ஓட்டுநர் தேர்வு மாதிரி மதிப்பெண் போட்டார்கள், ஆடியவர்கள் சுற்றுலா மாதிரி அனுபவித்தார்கள். தம்பிக்குப் பிடித்ததும் அந்த வழியில்தான்.

திட்டினதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கார் சாலையில் ஒட்டி ஓடுகிற உணர்வு குறைவு. எதிரே வரும் லாரியில் மோதினால் கார் குட்டிக்கரணம் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து ஓடும். அதோடு, விமர்சனம் எழுதின பலர் ஆடியது வீட்டில் டிவியோடு இணைக்கும் நிண்டெண்டோ 64 பெட்டியில். யுஎஸ்ஏ 1996-இலும் வேர்ல்டு 1998-இலும் அதற்கு வந்தன. வேர்ல்டை அந்தப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தது யூரோகாம் என்கிற கம்பெனி. நாலு பேர் ஒரே டிவியைப் பங்கு போட்டு ஆடலாம், நிலாவில்கூட ஒரு டிராக் வைத்தார்கள். ஆனாலும் ஆளை உள்வாங்கும் சீட்டும், கையை எதிர்த்துத் தள்ளும் ஸ்டியரிங்கும், காது கிழியும் ஸ்பீக்கரும் இல்லாமல், கட்டைவிரலால் ஆடினால் மிச்சம் என்ன இருக்கும்? பிரியாணியைப் பார்சலில் வாங்கி மறுநாள் பிரிட்ஜில் இருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு சமையற்காரரைத் திட்டின கதை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1994-இல் யுஎஸ்ஏ பெட்டி ஹாலுக்கு வந்தபோது, இதுதான் வரப்போகும் நிண்டெண்டோ 64-இன் திறமை என்கிற மாதிரி, அதன் அன்றைய பெயரான 'அல்ட்ரா 64' என்பதைத் திரையிலேயே போட்டுக்கொண்டது. பெட்டிக்குள் இருந்தது வேறு. மிட்வேயின் சொந்த சர்க்யூட் போர்டு, பெயர் வி யூனிட். அதன் நடுவே உட்கார்ந்திருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் டிஎம்எஸ் 32031 என்கிற சிப். ஒலி மாதிரியான சிக்னல்களை வேகமாகக் கூட்டிப் பெருக்கிச் சலிப்பதற்காகச் செய்த வகை அது. முப்பரிமாணச் சாலையை வரைவதும் கடைசியில் கூட்டலும் பெருக்கலும்தானே என்று அதைக் கார் ஓட்ட வைத்துவிட்டார்கள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் பத்து வருஷம் பின்னால் போய், யு சுசுகி சேகாவுக்காக 1986-இல் செய்த 'அவுட்ரன்'னைப் பார்க்கணும். சிவப்பு ஃபெராரி, பக்கத்தில் ஒரு பெண், தேர்ந்தெடுத்துக் கேட்க ரேடியோவில் மூன்று பாட்டு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். ஐந்து கட்டம் ஓடினால் முடிவு. ஆனால் மொத்தம் 15 கட்டம், ஐந்து முடிவு. ஊர் சுற்றும் பந்தயங்களுக்கு எல்லாம் தாத்தா. அதில் முப்பரிமாணமே கிடையாது. ஒரு சீட்டுக்கட்டை மேசை மேல் அடுக்கி வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே உள்ள சீட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் தள்ளுங்கள். நேராக நின்ற அடுக்கு வளைந்து போகிறது அல்லவா? அவுட்ரன் சாலை அதுதான். திரையில் குறுக்காக ஓடும் கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தூரத்துக் கோட்டை அதிகமாகவும் கிட்டத்துக் கோட்டைக் குறைவாகவும் நகர்த்தினால் வளைவு. சாலையோரத் தென்னை ஒரே படம். தூரத்தில் சின்னதாக, கிட்டத்தில் பெரிதாக ஊதிக் காட்டுவார்கள். கண் அப்படியே நம்பிவிடும்.

குரூஸினில் சாலையும் காரும் நிஜமாகவே பட்டைகளால் ஆன உருவங்கள், அவற்றின் மேல் புகைப்படத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். மிட்வேகாரர்களுக்குப் புகைப்படத்தை விளையாட்டுக்குள் இறக்குவது கைவந்த வேலை. நிஜ ஆட்களைப் படம்பிடித்து 1992-இல் 'மோர்ட்டல் காம்பாட்' சண்டையைச் செய்தவர்களே அவர்கள்தான். ஆனால் எவ்வளவு தூரம் வரைக்கும் வரைவது என்பதில் போர்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அதனால்தான் இந்தப் பந்தயங்களில் இத்தனை மேடும் வளைவும் சுரங்கமும். மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்க முடியாத நேரத்தில் அது அடுத்த படத்தைத் தயார் செய்துகொள்ளும். பயாஸ்கோப்காரர் கையால் ஓட்டையை மறைத்துவிட்டுப் படம் மாற்றுகிற அதே வித்தை.

மூன்றாவது கேள்வி, ஏன் தோற்கிறீர்கள். பாதி தப்பு உங்களுடையதே இல்லை. எதிர்க் கார்கள் ரப்பர் பேண்டால் உங்களோடு கட்டப்பட்டவை. நீங்கள் முந்திப் போனால் பின்னால் வருகிறவை வேகம் எடுக்கும், நீங்கள் பின்தங்கினால் முன்னால் போகிறவை தயங்கும். காசு போட்டவன் ஒரு நிமிடத்தில் மனசு விட்டுவிடக் கூடாது, சுலபமாக ஜெயித்துவிட்டு எழுந்து போய்விடவும் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஆகவே பாதி வழியில் முதலிடம் பிடிப்பதால் சல்லிக்காசு பிரயோஜனம் கிடையாது. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ முன்னால் இருக்கும் காரின் வாலைப் பிடித்துக்கொண்டே போங்கள். முடிவுக் கோட்டுக்கு முந்தைய நேர்ச்சாலையில் வெளியே எடுத்து முந்துங்கள். பின்னால் இருப்பவனுக்குத் திருப்பி முந்த நேரம் இருக்கக் கூடாது.

பிரேக்கை மறந்துவிடுங்கள். நம் ஊர் மினி பஸ் டிரைவர் மாதிரி வளைவுக்கு முன்னாலேயே ஆக்சிலேட்டரில் இருந்து ஒரு நொடி காலை எடுத்தாலே போதும். கண் உங்கள் கார் மேல் இருக்கக் கூடாது, சாலை மறைகிற இடத்தில் இருக்கணும். எதிர் வண்டி அங்கேதான் முதலில் ஒரு புள்ளியாகத் தெரியும். பார்வையை மாற்றும் பட்டன்களில் காருக்குப் பின்னால் இருந்து காட்டுவதை விட்டுவிட்டு, சாலை மட்டும் தெரிகிற பார்வைக்குப் போய் ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். முதலில் பயமாக இருக்கும், அப்புறம் திரும்பிப் போக மாட்டீர்கள். ஆக்சிலேட்டரை டக் டக் என்று இரண்டு தடவை மிதித்தால் முன்சக்கரம் தூக்குமே, மேட்டில் அப்படிச் செய்தால் காற்றில் கரணம் போடுமே, அதை எல்லாம் பக்கத்து சீட்டில் தெரிந்தவர் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஹாலில் கரணம் போடுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், ஜெயிக்கிறவன் வேறு ஒருத்தனாக இருப்பான்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அதை ஆடுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு பாட் இருக்கும். பழைய டிவி மெக்கானிக்குகள் வால்யூம் கன்ட்ரோல் என்பார்களே, அதே சாமான். மிதிக்க மிதிக்க அது சுழலும், எவ்வளவு சுழன்றது என்பதை வைத்துத்தான் போர்டு வேகத்தைத் தீர்மானிக்கும். வருஷக்கணக்காக மிதிபட்டால் உள்ளே கரிப்பட்டை தேய்ந்துவிடும். நீங்கள் தரையோடு தரையாக அழுத்தினாலும் போர்டுக்குத் தெரிவது முக்கால் மிதிதான். பெட்டியின் கதவைத் திறந்து டெஸ்ட் மெனுவுக்குள் போனால் பெடலையும் ஸ்டியரிங்கையும் அளவு பார்த்துச் சரிசெய்ய வழி உண்டு. பாதிப் பெட்டிகளில் அதை ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதே விளையாட்டு, அதே ஆள், பெடல் சரியானதும் முதலிடம் வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனிதர் தன் திறமை என்று நினைத்துக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பாம்பன். இந்தக் கேள்வியைப் படித்ததில் இருந்து ராத்திரி படுத்தால் டிராக்தான் ஓடுகிறது.

மண்டபத்தில் தொடங்கணும். ராமநாதபுரத்தில் இருந்து தொடங்கினால் உச்சிப்புளி வரை சீமைக்கருவேலத்தையே காட்ட வேண்டியிருக்கும், பயாஸ்கோப்புக்கு அது ஆகாது. மண்டபத்தை விட்டதும் சாலைப் பாலம். 1988-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அடியில் படகு போவதற்காக நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி எழும்பியிருக்கும். விளையாட்டுக்காரனுக்கு இந்தத் திமில் தங்கம். ஏறும்போது வானம் மட்டும் தெரியும். உச்சிக்கு வந்ததும் தீவு, தென்னந்தோப்பு, துறையில் கட்டிய படகுகள் எல்லாம் ஒரே விரிப்பில் திறக்கும். போர்டு தன் படத்தை மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல மறைப்பு கிடைக்காது. எதிர்வண்டிக்குப் பஞ்சமே இல்லை. உச்சியில் வேனை ஓரம் கட்டிவிட்டு செல்ஃபி எடுக்கும் கூட்டத்தை அப்படியே வைத்தால் போதும், அதைவிடக் கடினமான தடை எந்த நாட்டு டிராக்கிலும் கிடையாது.

பக்கத்திலேயே ரயில் பாலம். இங்கேதான் வாதமே. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது, 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடையாக, லிஃப்ட் மாதிரி மேலே போகும். பார்க்கப் பிரமாதம், ஆனால் கார் தாவ உதவாது, செங்குத்தாகச் சுவரில் மோதின மாதிரி ஆகிவிடும். 1914-இல் வந்த பழைய பாலத்தில் ஷெர்சர் என்கிற தூக்குப் பகுதி இருந்ததே, அது இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கின மாதிரி நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் சாயும். பாதி தூக்கின நிலையில் வைத்தால் அசல் சாய்தளம்! ஆக்சிலேட்டரை இரண்டு தட்டு, கார் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே காற்றில் ஒரு கரணம், அந்தப் பக்கத் துண்டில் சறுக்கி இறக்கம். தண்டவாளத்தில் கார் எப்படி ஓடும் என்று கேட்கக் கூடாது. கேட்கிறவர் டேடோனாவுக்குப் போகலாம்.

அப்புறம் உங்கள் ஊர். தங்கச்சிமடத்தில் சாலை வளைந்து ஓடும், இருபுறமும் பனையும் சவுக்கும், கருவாடு காயும் முற்றம், தேவாலயக் கோபுரம். ராமேஸ்வரத்துக்குள் நுழைந்ததும் கோபுரம். கோவிலின் வெளிப் பிரகாரத் தூண் வரிசை உலகப்புகழ் பெற்றது. ஜார்விஸ் கோஷ்டியிடம் கொடுத்தால் அதற்குள்ளேயே காரை விட்டுவிடுவார்கள், சந்தேகமே வேண்டாம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. மாட வீதியில் மாடும் யாத்திரைக் கூட்டமும் போதும்.

சிக்கல் தனுஷ்கோடியில். முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் போட்ட 9.5 கிலோமீட்டர் சாலை நூல் பிடித்த மாதிரி நேர். நிஜத்தில் ஓட்ட இனிமை, விளையாட்டில் கொட்டாவி. நான் யோசித்த வழி இது. இடது பக்கம் பாக் விரிகுடா, ஊர்க்காரர்கள் பெண்கடல் என்பார்கள், குளம் மாதிரி கிடக்கும். வலது பக்கம் மன்னார் வளைகுடா, ஆண்கடல், எப்போதும் சீற்றம். காற்று பலமாக அடிக்கிற நாளில் மணல் சாலை மேல் நாக்கு நாக்காக நீண்டு படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மணல் நாக்குகளே வளைவுகள். ஒன்றுக்கு இடதாக, அடுத்ததற்கு வலதாக ஒதுங்கணும். ஏறினால் வேகம் செத்துவிடும். இரண்டு பக்கமும் இரண்டு வேறு கடல் ஓசை, இரண்டு ஸ்பீக்கரிலும் பிரித்துப் போடலாம். வழியில் 1964 டிசம்பர் புயலில் மிஞ்சின தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் வரும். அந்த இடத்தில் மட்டும் பாட்டை நிறுத்திவிட்டுக் காற்று சத்தத்தை மட்டும் வைப்பேன். குரூஸின் பாணிக்கு இது ஒட்டாது என்று தெரியும். இருந்தாலும் அங்கே பாட்டு போட எனக்கு மனசு வராது.

முடிவுக்கோடு அரிச்சல்முனை வட்டத்தில், அசோகத் தூணைச் சுற்றி. முதலிடம் வந்தவனுக்கு மட்டும் ஒரு காட்சி: சென்னையில் இருந்து ரயிலில் வந்து தனுஷ்கோடியில் கப்பல் ஏறி தலைமன்னார் போன அந்தக்கால போட் மெயில் பயணத்தின் நினைவாக, கார் ஒரு பழைய நீராவிக் கப்பலில் ஏறுகிறது. அடுத்த டிராக் இலங்கை.

செய்ய முடியுமா என்றால் தாராளமாக முடியும். உருவங்களைச் செய்ய பிளெண்டர், அவற்றை விளையாட்டாகக் கோக்க கோடோ, இரண்டு மென்பொருளும் இலவசம். சாலையை ஒரு கோடாக இழுத்து அதன் மேல் பட்டை விரிப்பது ஒரு வாரத்து வேலை. போனில் பாலத்துக் கைப்பிடிச் சுவர், பனை, படகின் பக்கவாட்டு என்று துண்டு துண்டாகப் படம் எடுங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் எடுங்கள், உச்சிவெயிலில் எடுத்தால் எல்லாம் வெளுத்துவிடும். எடுத்த படத்தை வேண்டுமென்றே சின்னதாக்கி ஒட்டினால்தான் 1996 களை வரும். துல்லியமாக விட்டால் பார்க்க டிரோன் வீடியோ மாதிரி ஆகிவிடும். ஜார்விஸே இன்னும் விடவில்லை. மிட்வே 2009-இல் திவாலானாலும், அவர் 2001-இலேயே ஆரம்பித்திருந்த ரா த்ரில்ஸ் கம்பெனியில் இருந்து 2017-இல் 'குரூஸின் பிளாஸ்ட்' வந்தது. அதில் சிங்கப்பூர் ஒரு டிராக். எங்கள் ஊர்ப் பாதிப்பேருக்கு அது அடுத்த தெரு.

கடைசியாக மாமாவின் கேள்வி. வாங்கலாம், ஆனால் கடை வாசலில் வேண்டாம். சில வருஷத்துக்கு முன் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு ஒருத்தர் இதே மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கடலைப் பார்த்த மாதிரி கொட்டகை போட்டார். இரண்டு நாள் நல்ல வசூல். மூன்றாம் நாள் கார் தானாக இடது பக்கம் இழுக்கிறது, பேய் பிடித்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார். ஏர்வாடியில் பேய்க்கு வேறு ஆள் இருக்கிறார்கள், நான் திருப்புளியோடு போனேன். பெடலில் இருக்கிற மாதிரியே ஸ்டியரிங் தண்டுக்கு அடியிலும் ஒரு 'பாட்' உண்டு, அதைக் கழற்றினால் மூன்று காலிலும் பச்சைக் களிம்பு, தொட்டால் மாவாக உதிர்கிறது. போர்டில் சொருகும் தங்கப் பூச்சு முனைகளில் விரல் வைத்தால் பிசுபிசு. பள்ளிக்கூட ரப்பரால் முனைகளைத் தேய்த்துத் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, அந்த 'பாட்' சாமானை மாற்றினேன். கார் நேராக ஓடியது. உப்புக்காற்றுக்கு இரண்டு நாள் போதும் தம்பி. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, முடிந்தால் ஏசி அறையில் வைக்கச் சொல்லுங்கள்.

விலை பேசும் முன் பிக்சர் டியூபைப் பாருங்கள். இந்தப் பெட்டியில் இருப்பது சாதாரண டிவியின் திரை கிடையாது. டிவியில் நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடு வரையும், இதில் சுமார் இருபத்துநாலாயிரம். டியூபோ அதன் போர்டோ செத்திருந்தால் மதுரை டவுன்ஹால் ரோடு முழுக்க அலைந்தாலும் மாற்றுச் சாமான் கிடைக்காது. படம் மங்கலாக இருந்தால் பாதி விலைதான். அமெரிக்காவில் இருந்து வந்த பெட்டியாக இருந்தால் 110 வோல்ட் இணைப்பில் இருக்கலாம், பார்க்காமல் நம் கரண்டில் சொருகிவிடாதீர்கள். டியூபுக்குப் பின்னால் கையை விடவும் வேண்டாம். சுவிட்சை அணைத்து நேரம் ஆனாலும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

மாமா மதுரைக்குக் கிளம்பும்போது நீங்களும் கூடப் போங்கள். பின்கதவைத் திறந்து மூன்று போட்டோ வேண்டும்: போர்டு, பெடலின் அடிப்பக்கம், டியூபின் கழுத்து. அப்படியே பெட்டியை ஆன் செய்யச் சொல்லி, கென்யாவைத் தேர்ந்தெடுத்து, ஸ்டியரிங்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் மிதித்து ஒரு வீடியோ. கார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு விலையைச் சொல்கிறேன்.